கையால் இயக்கும் பவுடர் ட்ரிக்லரைத் தேர்ந்தெடுத்தல்

பவுடர் ட்ரிக்லர் என்பது தராசுத் தட்டில் துப்பாக்கி மருந்தை மணி மணியாக உதிர்க்கும் சிறு கருவி. ஒரு கிண்ணம், அதன் அடிப்பகுதியை ஊடுருவிச் செல்லும் மெல்லிய குழாய், அதைச் சுழற்ற விரலளவில் ஒரு குமிழ் ஆகிய மூன்றும் சேர்ந்ததே கருவி. கிண்ணத்துக்குள் மறைந்திருக்கும் பகுதியில் குழாய்க்கு ஒரு துளை உண்டு. அதன் உட்சுவரில் புரி வெட்டியிருக்கும். குமிழைத் திருப்பும்போது மருந்து துளை வழியாகக் குழாய்க்குள் விழுகிறது, புரிகள் அதை மெல்ல முன்னே தள்ளுகின்றன, திறந்த முனையிலிருந்து அது தட்டில் உதிர்கிறது. திருப்புவதை நிறுத்தினால் உதிர்வதும் நிற்க வேண்டும். ட்ரிக்லரின் தரம் என்று பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கடைசி ஒன்றைப் பற்றியதுதான்.

அமெரிக்காவில் தங்கள் தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளும் இலக்குச் சுடுநர்களும் வேட்டையாடுவோரும் ஏராளம். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டிலிருந்து, மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பழைய பிரைமரை நீக்கி, கூட்டை அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமர் பொருத்தி, மருந்து இட்டு, குண்டை அமர்த்துவது அந்த வேலையின் வரிசை. மருந்து இடும் கட்டத்தில் முதலில் பயன்படுவது பவுடர் மெஷர். கைப்பிடியைத் தூக்கி இறக்கினால் உள்ளே சுழலும் உருளையின் குழி நிறைந்து ஒரு கொள்ளளவு மருந்தைக் கொட்டும். ஆனால் தோட்டா நிரப்பும் கையேடுகள் சொல்லும் அளவு எடை. மெஷர் அளப்பதோ கொள்ளளவு. மருந்து கொஞ்சம் நெருங்கி அமர்ந்தாலும், கைப்பிடி வேறு வேகத்தில் இறங்கினாலும் எடை மாறிவிடும். குச்சி வடிவ மருந்தில் இந்த மாற்றம் அதிகம், ஏனென்றால் உருளையின் விளிம்பில் குச்சிகள் சிக்கி நறுக்கப்படுகின்றன. அதனால் இலக்கு எடைக்கு 0.3 முதல் 0.5 கிரெயின் வரை குறைவாக மெஷரில் கொட்டி, தட்டைத் தராசில் வைத்து, மிச்சத்தை ட்ரிக்லரால் நிரப்புவது நெடுநாளைய வழக்கம்.

கிரெயின் என்பது இங்கே எடையின் அலகு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின்; ஒரு கிரெயின் 0.0648 கிராம். தமிழ்நாட்டுப் பொற்கொல்லர்கள் பொன் நிறுத்த குன்றிமணி ஏறக்குறைய 0.12 கிராம் என்பதால், ஒரு கிரெயின் அதில் பாதிக்குச் சற்று மேல். மருந்தின் தனித்தனித் துணுக்கைக் குறிக்க இந்த அத்தியாயத்தில் மணி என்ற சொல்லே வருகிறது. ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் வார்கெட் போன்ற குச்சி மருந்தில் ஒரு மணி சுமார் 0.02 கிரெயின் இருக்கும். ஆகவே வீட்டுத் தராசுகள் காட்டும் மிகச் சிறிய அளவான 0.1 கிரெயினுக்குள் நான்கைந்து மணிகள் அடங்கும்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

எல்லாருக்கும் ட்ரிக்லர் தேவைப்படுவதில்லை. கைத்துப்பாக்கித் தோட்டாக்களை நூற்றுக்கணக்கில் நிரப்புபவர் பெரும்பாலும் மெஷரிலிருந்து நேராகக் கூட்டில் கொட்டுகிறார். அவருடைய வேலையில் முக்கியம், ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழாமல் பார்ப்பதும், இடையிடையே ஒன்றை நிறுத்துச் சரிபார்ப்பதும். துப்பாக்கியை மேசைமேல் தாங்கலில் வைத்துச் சுட்டு 100, 200 கஜத்தில் போட்டியிடும் பெஞ்ச்ரெஸ்ட் சுடுநர்களிலும் பலர் மைதானத்திலேயே மெஷரால் கொட்டி நிரப்புகிறார்கள். மிகச் சிறிய துளைக் கூட்டங்கள் பல அப்படி நிரப்பிய தோட்டாக்களால் விழுந்தவை. அந்தத் தூரத்தில் சிறு வேக வேறுபாடு இலக்கில் தெரிவதேயில்லை என்பதே காரணம்.

600 கஜமும் 1000 கஜமும் வேறு கதை. நடுத்தர அளவு ரைஃபிள் தோட்டாவில் 0.1 கிரெயின் மருந்து கூடினாலோ குறைந்தாலோ குண்டின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஐந்தடி மாறும். அருகில் ஒன்றுமில்லாத இந்த மாற்றம் தூரம் கூடக் கூட மேலும் கீழுமான விலகலாக வெளிப்படுகிறது. நெடுந்தூரச் சுடுநர் ஒவ்வொரு தோட்டாவையும் நிறுப்பது இதனால்தான். புதிய மருந்தையோ புதிய குண்டையோ சோதிப்பவருக்கும் ட்ரிக்லர் வேண்டும். குறைந்த அளவிலிருந்து தொடங்கிச் சிறு படிகளாக ஏறும்போது, ஒவ்வொரு படியும் தாளில் எழுதிய எடையாகவே இருக்க வேண்டும். கையேடு தரும் உச்ச அளவுக்கு அருகே இது துல்லியத்தைத் தாண்டிப் பாதுகாப்பைப் பற்றிய விஷயமாகிவிடுகிறது.

வேட்டைக்காக ஆண்டுக்கு நாற்பது, ஐம்பது தோட்டா நிரப்புபவர், சிறு கரண்டியில் கொஞ்சம் மருந்தை அள்ளித் தட்டின் மேல் பிடித்து, விரலால் கரண்டியின் காம்பைத் தட்டியே காலம் தள்ளலாம். அதில் குறையொன்றும் இல்லை. நேரம்தான் அதிகம் பிடிக்கும்.

தராசுதான் முதலில்

ட்ரிக்லர் எதையும் அளப்பதில்லை. அளப்பது தராசு, அது காட்டும்வரை ட்ரிக்லர் ஊட்டிக்கொண்டிருக்கிறது. எனவே தராசு வாங்கிய பிறகே ட்ரிக்லரைத் தேட வேண்டும், அந்தத் தராசுக்குப் பொருந்துவதையே வாங்க வேண்டும். முதலில் ட்ரிக்லரை வாங்கிவிட்டுப் பிறகு அதற்கு அடியில் மரத்துண்டு வைத்து உயரம் சரிசெய்வது பரவலாக நடப்பதுதான், ஆனால் தவிர்க்கக்கூடியது.

வீட்டுப் பட்டறைகளில் மூன்று வகைத் தராசுகள் காணப்படுகின்றன. முதலாவது கோல் தராசு. ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் 5-0-5 இதற்குப் பழகிய எடுத்துக்காட்டு: 511 கிரெயின் வரை நிறுக்கும், 0.1 கிரெயின் வரை காட்டும். கத்திமுனை போன்ற தாங்கியின் மேல் கோல் அசைகிறது, காந்தம் அதன் ஆட்டத்தை அடக்குகிறது. கைவேக ட்ரிக்லருக்கு இது மிகப் பொருத்தமான துணை. இலக்கு நெருங்கும்போது கோல் கண்முன்னே எழத் தொடங்கும். விரலும் தானாக நிதானிக்கும். தாங்கியும் கத்திமுனையும் தூசியில்லாமல் இருந்தால், குறியீட்டில் 0.1 மட்டுமே இருந்தாலும், ஒன்றிரண்டு மணிக்கே கோல் அசைவதைக் காணலாம். கண்ணைக் கோலின் மட்டத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம். மேலிருந்து பார்ப்பவருக்கு வேறு எண் தெரியும்.

இரண்டாவது, சுமை உணரியால் இயங்கும் மலிவான மின்னணுத் தராசு. இதில் ட்ரிக்லர் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு குணம் உண்டு. வெப்பநிலையால் எண் நகர்ந்துவிடாமல் இருக்க, இத்தகைய தராசுகள் மிக மெதுவான சிறு மாற்றங்களைத் தாமாகவே கழித்து, எண்ணைப் பழைய இடத்தில் நிறுத்திக்கொள்கின்றன. ட்ரிக்லர் செய்வதும் அதே மெதுவான சிறு மாற்றம்தான். விளைவு: மணிகள் விழுந்துகொண்டே இருக்கும், திரையில் எண் நகராது. தட்டில் காட்டுவதைவிட அதிக மருந்து சேர்ந்துவிடும். இது பயனரின் பிழையுமல்ல, கருவியின் பழுதுமல்ல, அமைப்பே அப்படி. இதற்கு மாற்று எளிது. இலக்குக்குச் சற்று முன்பே நிறுத்தி, தட்டைத் தூக்கி மீண்டும் வைத்து எண்ணைப் பார்க்க வேண்டும். இலக்கை எட்டியதாகத் தோன்றியபின் இன்னொரு முறை தூக்கி வைக்க வேண்டும். வெறும் தட்டை வைத்துச் சுழியாக்கியபின், அதைத் தூக்கும்போது தெரியும் எதிர்மறை எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே எண் வருகிறதா என்று பார்த்தால் நகர்வும் பிடிபடும். இத்தகைய தராசைக் கால் மணி, அரை மணி நேரம் முன்பே இயக்கி வைப்பதும், மின்விசிறியையும் குளிரூட்டியையும் நிறுத்துவதும் பயன் தரும்.

மூன்றாவது, மின்காந்த விசையால் எடையைச் சமன்செய்யும் ஆய்வகத் தராசு. ஏ அண்ட் டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-120ஐ இதில் பெயர் பெற்றது: 122 கிராம் வரை நிறுக்கும், 0.001 கிராம் வரை காட்டும். அது 0.02 கிரெயினுக்கும் கீழ். ஒரே ஒரு மணியின் எடையை இது உணர்கிறது. இதன் தட்டைச் சுற்றிக் காற்றுத் தடுப்பு இருப்பதால், குட்டையான குழாய் கொண்ட ட்ரிக்லர் உள்ளே எட்டாது. இத்தராசு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மின் ட்ரிக்லருக்கு மாறிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நீண்ட குழாயும் கனமான அடியும் கொண்ட கை ட்ரிக்லர் இதனோடு அமைதியாக ஒத்துழைக்கும், செலவும் மிகக் குறைவு.

பொருத்தம் என்பது நடைமுறையில் இரண்டு அளவுகள். தராசின் மேல் தட்டு அமர்ந்திருக்கும்போது மேசையிலிருந்து தட்டு விளிம்பின் உயரம் ஒன்று. தராசின் உடல் தொடங்கும் இடத்திலிருந்து தட்டின் நடுப்பகுதிவரை உள்ள கிடைத்தூரம் மற்றொன்று. குழாயின் முனை விளிம்பைத் தொடாமல் அதற்கு மேலே இருக்க வேண்டும். மிக உயரத்தில் இருந்தாலோ மணிகள் துள்ளி வெளியே விழும். ட்ரிக்லரின் அடி தராசைத் தொடவே கூடாது. தொட்டால் குமிழின் ஒவ்வொரு திருப்பமும் தராசின் எண்ணில் தெரியும். உயரத்தை ஏற்றி இறக்கும் வசதியுள்ள மாதிரிகளுக்குச் சற்று அதிகம் கொடுப்பது வீண் செலவல்ல. தராசை மாற்றினாலும் அவை தொடர்ந்து பயன்படும்.

மருந்தின் வடிவம்

ஒரே ட்ரிக்லர் ஒரு மருந்தில் சொன்னபடி கேட்கும், இன்னொன்றில் அடம்பிடிக்கும். வடிவமே காரணம். ஐஎம்ஆர் 4064, ஐஎம்ஆர் 4350, வார்கெட் போன்ற குச்சி மருந்துகள் குழாயின் துளையில் குறுக்கே விழுந்து ஒன்றோடொன்று பாலம்போல் அடைத்துக்கொள்ளும். சில திருப்பங்களுக்கு எதுவும் வராது, பின்பு ஏழெட்டு மணிகள் கொத்தாக விழும். நீளக் குச்சிகளில் இது அதிகம். எச்4831 என்ற மருந்தின் குச்சிகளைக் குட்டையாக நறுக்கி எச்4831எஸ்சி என்று தனியே விற்பதற்கு இந்த அளத்தல் சிக்கலே முக்கியக் காரணம். குச்சி மருந்தைப் பயன்படுத்துபவர் துளை பெரிதாகவும் உட்புரி ஆழமாகவும் உள்ள குழாயைத் தேட வேண்டும்.

உருண்டை மருந்தின் நிலை நேர் எதிர். வின்செஸ்டர் 748, ஹாட்ஜ்டன் எச்335 போன்றவை தடையின்றி ஓடுபவை. பெரிய துளையும் வழவழப்பான குழாயும் சேர்ந்தால், திருப்பாதபோதும் மருந்து வழியும். ட்ரிக்லரின் முன்பக்கத்துக்கு அடியில் மெல்லிய அட்டை ஒன்றைச் செருகிக் குழாயின் முனையைச் சற்றே உயர்த்தினால் ஓட்டம் கட்டுக்குள் வரும். கிண்ணத்தில் மருந்தைக் குறைவாக வைப்பதும் உதவும், ஏனென்றால் மேலே நிற்கும் மருந்தின் கனமே துளைக்குள் தள்ளுகிறது. உருண்டை மருந்து மெஷரிலேயே ஓரளவு ஒரே எடையில் விழுவதால், அதை மட்டும் பயன்படுத்துபவர் ட்ரிக்லருக்காக அதிகம் செலவிட வேண்டியதில்லை.

யூனிக், ரெட் டாட் போன்ற செதில் மருந்துகள் ட்ரிக்லரில் சீராக வராது. தட்டையாகப் படுத்து ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் கைத்துப்பாக்கிக்கும் ஷாட்கன்னுக்கும் பயன்படுபவை என்பதால் இது பெரிய குறையும் அல்ல.

குழாய், அடி, கிண்ணம்

குழாயின் முனையை விரலால் தடவிப் பார்ப்பது கடையில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சோதனை. வெட்டிய இடத்தில் உலோகப் பிசிறு இருந்தால், மணிகள் அதில் தங்கித் தங்கிக் கொத்தாக விழும். வீட்டில் மெல்லிய உப்புத்தாளால் உள்விளிம்பைத் தேய்த்து, துடைத்து, மீண்டும் பொருத்தினாலே மலிவான கருவிகள் பல திருந்திவிடும். குழாய் தன் துளையில் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா, சுழற்றச் சுழற்ற முன்னேயோ பின்னேயோ நகர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நகரும் குழாயின் துளை கிண்ணத்தின் சுவருக்குள் போய்விட்டால் மருந்து வருவது நின்றுவிடும். குமிழ் பெரிதாக இருப்பது நல்லது. பெரிய குமிழில் விரல் நகரும் தூரம் அதிகம் என்பதால் சிறு கோணத்தையும் கட்டுப்படுத்தலாம். சில மாதிரிகளில் அகலமும் மெல்லியதுமாக இரண்டு குழாய்கள் வருகின்றன. குச்சி, உருண்டை இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவருக்கே அது பயன்.

அடிப்பாகத்தின் கனம் பல வாங்குவோரின் கண்ணில் படாமல் போகிறது. கிண்ணம் மேலே, குமிழ் ஒரு பக்கம், குழாய் மறுபக்கம் என்பதால் இலேசான ட்ரிக்லர் திருப்பும்போதே நகரும்; சட்டைக்கை பட்டால் கவிழும். கவிழ்ந்த மருந்தைக் கூட்டி அள்ளிப் புட்டியில் திரும்பப் போடக் கூடாது, தூசியும் வேறு மருந்தின் மணிகளும் கலந்திருக்கலாம். அதனால் கவிழ்வது என்பது மருந்து வீணாவதே. வார்ப்பு உலோக அடி கொண்டவை இந்தத் தொல்லையைத் தருவதில்லை. பிளாஸ்டிக் அடி உள்ளே பொள்ளலாக இருந்தால், அதில் ஈய ரவைகளை நிரப்பி அடியை மூடி ஒட்டிவிடுவது அமெரிக்கப் பட்டறைகளில் பழகிய வழி. அடியில் ரப்பர் ஒட்டுவதும் நகர்வைத் தடுக்கும்.

கிண்ணம் பிளாஸ்டிக்கா உலோகமா என்ற தேர்வில் உலோகமே மேல். உலர்ந்த குளிர்காலத்தில் பிளாஸ்டிக் சுவரில் நிலைமின்சாரம் ஏறி, மணிகள் சுவரிலும் குழாய் முனையிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நினைத்த நேரத்தில் விழாது. துணி உலர்த்தியில் போடும் மென்தாளால் பிளாஸ்டிக்கைத் துடைப்பது தற்காலிகத் தீர்வு. இன்னொரு காரணமும் உண்டு: நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து நாள்கணக்கில் கிடந்தால் சில வகைப் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். பழைய மெஷர்களின் கிண்ணங்கள் உட்புறம் மங்கிக் கிடப்பது அதனால்தான். கிண்ணத்தின் கொள்ளளவு பெரிதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் ட்ரிக்லர் தருவது அரை கிரெயினுக்கு மிகாது. ஒரு மேசைக்கரண்டி மருந்தே ஒரு மாலை வேலைக்குத் தாங்கும்.

1878 முதல் இயங்கும் லைமன், 1943-இல் தொடங்கிய ஆர்சிபிஎஸ், 1946-இன் ரெடிங், 1949-இன் ஹார்னடி ஆகிய பழைய பெயர்கள் அனைத்தும் கை ட்ரிக்லர் விற்றிருக்கின்றன. விலை சில பத்து டாலர்கள். தானாக எடை பார்த்து நிறுத்தும் மின் கருவிகளுக்கோ நூற்றுக்கணக்கில் ஆகும். பெயருக்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட, சொந்தத் தராசின் உயரத்தையும் சொந்த மருந்தின் வடிவத்தையும் எழுதிக்கொண்டு போய் ஒப்பிடுவது சிறந்தது. பணம் மிஞ்சினால் அது ட்ரிக்லருக்கல்ல, நல்ல தராசுக்கும் சோதனை எடைக்கட்டிகளுக்கும் போக வேண்டும்.

வாங்கியபின்

முதல் வேலை எண்ணெய்ப் பசையை நீக்குவது. தொழிற்சாலையின் எண்ணெய் குழாய்க்குள் இருந்தால் மருந்து ஒட்டும், கெடும். சாராய வகைக் கரைப்பானால் துடைத்து நன்கு உலர்த்தியபின், குழாயில் மருந்து நிறையும்வரை வேறு தட்டில் சில திருப்பங்கள் திருப்ப வேண்டும். ஒரு திருப்பத்துக்கு எத்தனை மணி என்பது கைக்குப் பிடிபட்டுவிட்டால் வேகம் வந்துவிடும். அளவு தாண்டிவிட்டால், தட்டிலிருந்து சிறிது மருந்தை எடுத்துவிட்டு மறுபடி ஊட்டுவதே முறை. உச்ச அளவுக்கு அருகில், கொஞ்சம் கூடினால் பரவாயில்லை என்று விட்டுவிடும் பழக்கம் ஆபத்தானது. எந்த மருந்து எவ்வளவு என்பதை ஹாட்ஜ்டன், லைமன், ஹார்னடி போன்றோர் வெளியிடும் சோதிக்கப்பட்ட கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும், தொடக்க அளவிலிருந்தே ஏற வேண்டும்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்துப் புட்டிதான் இருக்க வேண்டும். ட்ரிக்லரில் இருப்பது எது என்ற கேள்வியே எழாதிருக்க இதுதான் வழி. வேகமாக எரியும் மருந்து மெதுவாக எரிவதன் இடத்தில் போனால் துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம். வேலை முடிந்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்து அதே புட்டியில் கொட்டி, குழாயை உருவித் தட்டி, தூரிகையால் துடைக்க வேண்டும். துளைக்குக் கீழே, கிண்ணத்தின் மூலையில் தங்கும் மணிகள்தான் அடுத்த மருந்தோடு கலப்பவை. அடியில் திறப்பு உள்ள மாதிரிகளும், குழாயைக் கருவியின்றி உருவ முடிகிற மாதிரிகளும் இதில் பெரிய வசதி. எந்த மருந்து என்று உறுதியாகத் தெரியாத மிச்சத்தைப் பயன்படுத்தவே கூடாது.

இந்தக் கருவி புகையில்லா மருந்துக்கு மட்டுமே. கரிமருந்து சிறு பொறியிலும் பற்றுவது. அதை ட்ரிக்லரில் போடக் கூடாது. அறையில் சிகரெட்டோ அடுப்போ திறந்த சுடரோ இருக்கக் கூடாது. அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 495-ஆம் விதித்தொகுப்பு, வீட்டில் 20 பவுண்டு வரை புகையில்லா மருந்தை அதன் மூலப் புட்டியிலேயே வைக்க அனுமதிக்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை மரப்பெட்டி வேண்டும். மாநில, நகர விதிகள் இன்னும் கடுமையாக இருக்கலாம்.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பனைக்குச் செய்பவருக்குத் தேவை. இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடைசெய்கிறது. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற்றவருக்கும் அந்த உரிமம் தயாரிப்பு உரிமமாக ஆகாது. வெளிநாட்டில் இப்பொழுதுபோக்கைப் பழகிய தமிழர் ஊர் திரும்பும்போது, மருந்தையும் பிரைமரையும் பெட்டியில் வைக்கவே கூடாது. கருவிகளைக் கொண்டுவர நினைப்பவர் சுங்க விதியை முன்பே எழுத்து மூலம் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.